போணிக்கு முன்னால் ஒரு போர்டு: சிபாரிசுக்கு ஆள் இல்லாத புதுத் தொழிலுக்கு கூகுள் பிசினஸ் புரொஃபைல் உதவுமா?

தண்ணீர்த் தொட்டி கழுவும் தொழிலை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆள், ஒரு பிரஷர் வாஷர், சேறு இழுக்கும் சின்ன பம்ப், ஒரு வெட் வேக்யூம், நீளமான ஹோஸ், ஒரு டூவீலர். எல்லாம் வாங்கியாயிற்று, போன் மட்டும் அடிக்கவில்லை. தப்பித்தவறி ஒருவர் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, "இந்தப் பக்கம் யார் வீட்டுல பண்ணியிருக்கீங்க?" அதற்குச் சொல்லப் பெயர் இல்லை. ஏசி சர்வீஸ், சோபா கிளீனிங், பூச்சி மருந்து அடிப்பது, வீட்டுக்கே வந்து கம்ப்யூட்டர் பார்ப்பது என்று ஆள் வீட்டுக்குள் வரவேண்டிய எந்தத் தொழிலுக்கும் தொடக்கத்தில் இதே சிக்கல்தான்.

இந்த நிலையில் இருப்பவருக்கு ஊரே சொல்லும் யோசனை: "கூகுள்ல போட்டுருங்க, தானா வரும்." அந்த 'தானா வரும்' எவ்வளவு உண்மை என்று பார்ப்பதுதான் இந்த விமர்சனம். எடுத்துக்கொண்ட பொருள் கூகுள் பிசினஸ் புரொஃபைல்: கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் தொழிலின் பெயர், போன் எண், படங்கள், வாடிக்கையாளர் விமர்சனங்களைக் காட்டும் பக்கம் (2021 நவம்பர் வரை கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் இருந்தது). ஊர் மதுரை என்று வைத்துக்கொள்வோம். திருச்சிக்கும் திருநெல்வேலிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். காசு கிடையாது, போட்டே ஆகவேண்டும். ஆனால் போட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் முதல் மாதம் ஓடிப்போகும். புதுத் தொழிலுக்கு இது ஆள் பிடித்துத் தராது. வேறு வழியாக உங்கள் பெயரைக் கேள்விப்பட்டவர், "இவனை நம்பலாமா" என்று தட்டிப் பார்க்கும் இடம் இது. முதல் ஐந்து வேலையை நீங்கள்தான் நடந்து தேடிப் பிடிக்கவேண்டும். அந்த ஐந்தை ஐம்பதாக்கும் வேலையை இது நன்றாகவே செய்கிறது.

காரணம் கூகுளே சொல்வதுதான். உள்ளூர்த் தேடலில் யார் மேலே வருவது என்பதை மூன்று விஷயம் தீர்மானிக்கிறது: தேடிய சொல்லுக்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் உங்களுக்கும் இடையே உள்ள தூரம், நீங்கள் எவ்வளவு அறியப்பட்டவர் என்பது. மூன்றாவதில்தான் புதியவர் அடிவாங்குகிறார். விமர்சனங்களின் எண்ணிக்கையும் நட்சத்திரமும் அதில் சேரும். நாலு வருடமாக இருநூறு விமர்சனம் சேர்த்து வைத்திருப்பவருக்கு மேலே, நேற்று திறந்த கணக்கு வராது. பணம் கட்டியும் அந்த வரிசையில் ஏற முடியாது. விளம்பரம் தனி, அது 'ஸ்பான்சர்டு' என்ற முத்திரையோடு வேறு இடத்தில் வரும்.

கணக்குத் திறப்பது: பத்து நிமிட வேலை, பத்து இடத்தில் வழுக்கும்

முதலில் ஜிமெயில். தொழிலுக்கென்று தனியாக ஒன்று, உரிமையாளர் கையில். தெருமுனை டிசைன் சென்டர்காரரோ, 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' பார்க்கும் தம்பியோ "நான் போட்டுத் தரேன்ணே" என்று தன் ஜிமெயிலில் திறந்துவிடுவது இந்த ஊரில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஒரு வருடம் கழித்து எண்பது விமர்சனம் சேர்ந்த பிறகு அவரோடு மனஸ்தாபம் வந்தால், கடை உங்களுடையது, போர்டு அவருடையது. உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் கணக்கை நீங்கள் திறந்து, அவருக்கு 'மேனேஜர்' உரிமை மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே வேறொருவர் கையில் சிக்கியிருந்தால் உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். இப்போதைய உரிமையாளருக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்துக் கேட்பார்கள். பதில் இல்லை என்றால் சில சமயம் நீங்களே உரிமை கோர வழி திறக்கும். எல்லாக் கணக்குக்கும் அது நடக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது.

பெயர். போர்டிலும் பில் புக்கிலும் என்ன பெயரோ அதையேதான் போடவேண்டும். 'முல்லை டேங்க் கிளீனிங்' என்றால் அவ்வளவுதான். 'முல்லை பெஸ்ட் வாட்டர் டேங்க் கிளீனிங் சர்வீஸ் இன் மதுரை லோ காஸ்ட்' என்று ரயில் பெட்டி மாதிரி கோர்ப்பது விதிமீறல். சிலர் அப்படிப் போட்டு மேலே நிற்பதைப் பார்க்கலாம், உண்மைதான். ஆனால் 'திருத்தம் பரிந்துரை' என்ற பொத்தான் எல்லோர் கையிலும் இருக்கிறது, போட்டிக்காரர் கையிலும். ஒருநாள் பெயர் வெட்டப்படும், அல்லது கணக்கே முடங்கும். தொழிலின் பெயரிலேயே 'டேங்க் கிளீனிங்' வரும்படி முதலிலேயே பெயர் வைத்துவிட்டால் இந்தத் தில்லுமுல்லு தேவைப்படாது. தொழிலுக்குப் பெயர் தேடும் கட்டத்தில் இருப்பவர் இதை நினைவில் வைப்பது நல்லது.

தொழில் வகை: கூகுள் தரும் பட்டியலில் இருந்துதான் எடுக்க முடியும், சொந்தமாக எழுத முடியாது. முதன்மை வகை ஒன்று; கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம். செய்யாத வேலையைச் சேர்க்காதீர்கள். 'பிளம்பர்' என்று சேர்த்துவிட்டால் குழாய் ஒழுகுது என்று நாள் முழுக்கப் போன் வரும். மறுத்து மறுத்தே தொண்டை வறளும்.

முகவரி. வீட்டில் இருந்தபடி நடத்தும் தொழில், வாடிக்கையாளர் உங்களிடம் வருவதில்லை என்றால் முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் காட்டவேண்டும். அதுதான் விதியும்கூட. இருபது பகுதி வரை போடலாம். மொத்த எல்லை உங்கள் இடத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கவேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. அந்தக் கணக்கில் மதுரைக்காரர் திருச்சியைக்கூடச் சேர்க்கலாம். ஆனால் பிரஷர் வாஷரைக் கட்டிக்கொண்டு டூவீலரில் யார் போவது? அண்ணா நகர், கே.கே. நகர், மேலமடை, வண்டியூர், கருப்பாயூரணி என்று ஒட்டி ஒட்டி இருக்கும் ஐந்தாறு பகுதி போதும். முதல் இருபது வேலையும் ஒரே வட்டாரத்தில் விழுந்தால்தான் "பக்கத்துத் தெருவுல பண்ணியிருக்கோம்" என்று சொல்ல முடியும். ஊர் முழுக்கச் சிதறினால் எங்குமே பக்கத்துத் தெரு இருக்காது.

வேலை நேரத்தில் ஞாயிற்றுக்கிழமையைத் திறந்து வையுங்கள். தனி வீடுகளில் ஆள் இருப்பதும், தொட்டியைப் பற்றி நினைப்பதும் அன்றுதான். அபார்ட்மெண்ட் கதை வேறு. அங்கே தண்ணீர்ப் புழக்கம் குறைகிற வார நாள், காலை 11 முதல் மாலை 3 வரை கேட்பார்கள். 24 மணி நேரமும் திறந்திருப்பதாகப் போட்டுவிட்டு இரவு பதினொரு மணிக்குப் போனை எடுக்காமல் விட்டால் அது தானே தேடிக்கொள்ளும் கெட்ட பெயர்.

அறிமுகப் பகுதிக்கு 750 எழுத்து இடம் உண்டு. 'தரமே எங்கள் தாரக மந்திரம்' வகை வாசகத்துக்கு அதைச் செலவழிக்காதீர்கள். புதியவரைக் கூப்பிடப் பயப்படுகிறவர் எதற்குப் பயப்படுகிறார்? முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்குள் வருகிறான், சொன்ன விலை ஏறிவிடும், எவ்வளவு நேரம் தண்ணீர் இருக்காது என்று தெரியாது, தொட்டியில் கீறல் விழும், மருந்து வாடை அடிக்கும். இந்த ஐந்துக்கும் ஒவ்வொரு வரி பதில் எழுதினால் 750 எழுத்து நிறைந்துவிடும். "வருகிற இருவரின் படமும் பெயரும் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். 1000 லிட்டர் தொட்டிக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் நிற்கும். போனில் சொன்ன விலைக்கு மேல் வாங்குவதில்லை." ஒன்றரை மணி நேரத்தில் முடியாது என்றால் முடிகிற நேரத்தைப் போடுங்கள். தமிழிலும் எழுதுங்கள், ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தமிழில் பேசுகிறவர்களில் பலர் போனில் தட்டுவது 'டேங்க் கிளீனிங் நியர் மீ' என்றுதான்.

வீடியோ சரிபார்ப்பு: பாதிப் பேர் இங்கேதான் நிற்கிறார்கள்

சரிபார்ப்பு முடியாமல் பக்கம் வெளியே தெரியாது. எந்த முறையில் சரிபார்ப்பது என்பதை கூகுளே தீர்மானிக்கிறது. நாம் தேர்ந்தெடுக்க முடியாது. முகவரி மறைத்த தொழிலுக்குப் பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறது. போனில் அங்கேயே எடுக்கவேண்டும். முன்பே எடுத்து வைத்ததை ஏற்ற முடியாது. வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டம், குறைந்தது 30 நொடி. மூன்று விஷயம் அதில் தெரிய வேண்டும்: நீங்கள் இருக்கும் இடம், அங்கே இந்தத் தொழில் நடக்கிறது என்பதற்கு அடையாளம், அது உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்பதற்கு ஆதாரம்.

தெருப் பெயர்ப் பலகையில் தொடங்குங்கள். அப்படியே நடந்து, பக்கத்தில் உள்ள கடை போர்டு ஒன்றைக் காட்டி, உங்கள் கதவு எண்ணுக்கு வாருங்கள். சாவி போட்டுச் சாமான் அறையைத் திறப்பது படத்தில் விழட்டும். பொறுப்பு உங்களுடையது என்பதற்கு அதுவே சாட்சி. உள்ளே பிரஷர் வாஷர், அதன்மேல் தொழிலின் பெயர் ஒட்டிய ஸ்டிக்கர். பில் புக்கின் தலைப்பு. கடைசியாக உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) சான்றிதழ். ஒன்றரை நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். யார் முகமும் வேண்டாம். ஆதார் எண், பேங்க் கணக்கு எண் எதுவும் படத்தில் வரக் கூடாது.

வீடியோ ஏற்கப்படாமல் திரும்பி வருவதற்குக் காரணம் அநேகமாக இரண்டுதான். ஸ்டிக்கர், பில் புக் எதுவும் அச்சடிக்காமல் வெறும் மெஷினைக் காட்டுவது ஒன்று. அது யார் வீட்டு மெஷின் வேண்டுமானாலும் இருக்கலாம். சான்றிதழில் ஒரு பெயர், கூகுள் பக்கத்தில் ஒரு பெயர் என்று இருப்பது இன்னொன்று. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். முடிவு வர ஐந்து வேலை நாள் வரை ஆகலாம்.

உத்யம் பதிவு அரசுத் தளத்தில் ஆதாரை வைத்துச் செய்வது, கட்டணம் கிடையாது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல. ஜிஎஸ்டி, சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். ஆனால் பெரிய அபார்ட்மெண்ட் அசோசியேஷன்கள் சில ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் விடுவிக்காது. அந்த வாசலைத் தட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஐந்து வேலை: கூகுளுக்கு வெளியே

நோட்டீஸ் அடித்து பேப்பரோடு வைப்பது இந்தத் தொழிலுக்கு எடுபடுவதில்லை. தொட்டி கழுவ வேண்டும் என்று யாரும் காலை காபியோடு முடிவு செய்வதில்லை. தண்ணீரில் வாடை, குழாயில் பாசி, வடிகட்டியில் மண் என்று ஏதாவது வந்த பிறகுதான் தேடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் அந்த வீட்டுக்குள் ஏற்கெனவே போய் வருகிறவர் யார் என்று பாருங்கள்: பிளம்பர், ஆர்.ஓ. சர்வீஸ் தம்பி, சோலார் ஹீட்டர் மெக்கானிக், மோட்டார் காயில் கட்டுகிறவர். "தொட்டி கழுவணும் சார், அழுக்கு ஏறியிருக்கு" என்று சொல்லிவிட்டு, தான் அதைச் செய்யாமல் போகிறவர்கள் இவர்கள்தான். ஐந்து பிளம்பர்களை நேரில் பார்த்து, ஒரு வேலைக்கு இவ்வளவு என்று பேசி, வேலை முடிந்த அன்றே ஜிபேயில் போட்டுவிடுங்கள். மாசக் கடைசியில் தருகிறேன் என்றால் அவருக்கு மறந்துபோகும், நமக்கு ஆள் போகும். ஹார்டுவேர் கடைகளில் ஸ்டிக்கர் ஒட்டக் கேட்பது சுலபம், பலன் குறைவு. கடைக்காரர் வாயால் சொன்னால்தான் உண்டு.

அபார்ட்மெண்டில் செக்ரட்டரியிடம் நேரே கொட்டேஷன் நீட்டினால், "ஏற்கெனவே ஆள் இருக்கு" என்ற பதில்தான் வரும். வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள். நாலு தொட்டி இருந்தால், "ஒரு தொட்டியை மட்டும் எங்களிடம் விடுங்கள். கழுவியதும் நீங்கள் மேலே வந்து பாருங்கள், பிடித்தால் பணம் கொடுங்கள், மிச்ச மூன்றைப் பிறகு பேசலாம்." சிபாரிசு கேட்பவருக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

இலவசமாகச் செய்து கொடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இலவசமாக வாங்கியவர் அடுத்தவரிடம் சொல்லும்போது "சும்மா பண்ணிக் கொடுத்தாங்க" என்றுதான் சொல்வார், அடுத்தவரும் சும்மாவே கேட்பார். விலையைக் குறைக்கலாம், ஆனால் பில்லில் முழு விலையை எழுதி, கழிவைத் தனியாகக் காட்டிக் குறையுங்கள். அந்தக் கழிவுக்குப் பதிலாக இரண்டு விஷயம் கேட்கலாம்: தொட்டியின் படத்தைப் போட அனுமதி, யாராவது போன் செய்து கேட்டால் பேசச் சம்மதம். கூகுளில் விமர்சனம் எழுதினால் கழிவு என்று சொல்வது மட்டும் கூடாது. அது கூகுள் விதிப்படி தடை. பணமோ பொருளோ தள்ளுபடியோ, எதைக் கொடுத்து எழுதச் சொன்னாலும் விமர்சனம் நீக்கப்படலாம், பக்கத்துக்கும் கேடு.

படமும் ஸ்டிக்கரும்

பேசுவதற்கு ஆள் இல்லாதபோது படம்தான் பேசவேண்டும். மூடியைத் திறந்ததும், எதையும் தொடுவதற்கு முன், போனை மூடி வாயின் ஒரே ஓரத்தில் வைத்து ஃபிளாஷ் போட்டு ஒரு படம். சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தில் பாசிக் கோடும், அடியில் வண்டலும் தெரிய வேண்டும். கழுவி முடித்ததும் அதே ஓரம், அதே கோணம், இன்னொரு படம். கோணம் மாறினால் இரண்டும் வேறு வேறு தொட்டி என்று பார்ப்பவர் நினைப்பார். மொட்டை மாடியில் கொடித் துணி, பக்கத்து வீட்டு ஆள், கதவு எண் எதுவும் படத்துக்குள் வரவேண்டாம். இணையத்திலிருந்து இறக்கிய படத்தைப் போட்டால் உடனே தெரிந்துவிடும். இந்த ஊரில் கறுப்பு சின்டெக்ஸும் சிமெண்ட் தொட்டியும்தான். வெள்ளை ஓடு பதித்த நீச்சல்குளம் மாதிரி ஒரு தொட்டியைப் பார்த்ததும் ஆள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். கூகுள் பக்கத்தில் போடும் படம் ஜேபிஜி அல்லது பிஎன்ஜி, 5 எம்பிக்குள், 720க்கு 720 பிக்சலாவது இருக்கட்டும்.

கூகுளோடு சம்பந்தமில்லாவிட்டாலும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு வினைல் ஸ்டிக்கர்: கழுவிய தேதி, அடுத்து கழுவ வேண்டிய தேதி, போன் எண். அடுத்து அந்த மாடிக்கு ஏறும் பிளம்பரோ, அபார்ட்மெண்டின் அடுத்த செக்ரட்டரியோ படிப்பார். தேதியைச் சாதாரண மார்க்கரில் எழுதினால் நம் வெயிலுக்குச் சில மாதத்தில் வெளுத்துவிடும். பெயிண்ட் மார்க்கர் வாங்குங்கள், தொட்டியின் நிழல் விழும் பக்கத்தில் ஒட்டுங்கள், துடைத்து ஈரம் காய்ந்த பிறகு ஒட்டுங்கள்.

விமர்சனம் கேட்பது எப்போது, யாரிடம்

பக்கத்தின் உள்ளேயே விமர்சனம் கேட்கும் இணைப்பும் கியூஆர் கோடும் கிடைக்கும். பணம் வாங்கிய கையோடு வாட்ஸ்அப்பில் பில்லையும், முன்-பின் படங்களையும், அந்த இணைப்பையும் ஒரே செய்தியாக அனுப்புங்கள். "இன்று உங்கள் 1000 லிட்டர் தொட்டி கழுவியது எப்படி இருந்தது என்று நாலு வரி எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும். குறை இருந்தாலும் எழுதுங்கள்." இவ்வளவு போதும். 'ஐந்து ஸ்டார் போடுங்க' என்று கேட்காதீர்கள். திருப்தியான ஆளுக்கு மட்டும் இணைப்பை அனுப்பி மற்றவரை வடிகட்டுவதும் விதிமீறல்தான். மறுநாள் அனுப்பினால் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். தொட்டியைப் பார்த்த சந்தோஷம் சாயங்காலம் வரைதான்.

வீட்டில் இருப்பது அறுபது வயதைத் தாண்டிய அம்மா, அப்பா. பணம் போட்டது சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் மகன். இது அடிக்கடி வரும் நிலைமை. பெரியவரின் போனை வாங்கி நீங்களே தட்டிக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். படங்களையும் இணைப்பையும் மகனுக்கு அனுப்புங்கள். வேலைக்கு ஏற்பாடு செய்தவரும் பணம் கொடுத்தவரும் அவர்தான், எழுத அவருக்கு விஷயம் இருக்கிறது. தூரத்தில் இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மற்றப் பிள்ளைகளுக்கு அந்த நாலு வரி தைரியம் கொடுக்கும்.

சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் விமர்சனம் வேண்டாம். அவர்கள் வீட்டுத் தொட்டியைக் கழுவிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவே போதும். கல்யாண வீட்டில் மொய் எழுதுவது மாதிரி ஒரே சாயங்காலத்தில் பத்து பேர் ஐந்து நட்சத்திரம் போட்டால், கூகுளின் வடிகட்டி தூக்கிவிடும் வாய்ப்பு அதிகம். தப்பித்தாலும் படிப்பவர் கண்ணுக்குத் தப்பாது. இரண்டு மாதத்தில் பன்னிரண்டு, வேறு வேறு தேதிகளில், ஒன்று நாலு நட்சத்திரம், அதற்கு உங்கள் பதில். அப்படி இருக்கிற பக்கத்தைத்தான் ஆட்கள் நம்புகிறார்கள்.

கூடவே வாட்ஸ்அப் பிசினஸ்

பக்கத்தைப் பார்த்தவர் அடுத்துத் தொடுவது போன் அல்லது வாட்ஸ்அப். சாதாரண வாட்ஸ்அப்புக்குப் பதில் பிசினஸ் ஆப் போடுங்கள். இதற்கும் காசு இல்லை. தொழிலுக்குத் தனி எண் நல்லது, ஒரே எண்ணை இரண்டு ஆப்பிலும் வைக்க முடியாது. கேட்டலாக்கில் 500 லிட்டர், 1000 லிட்டர், சிமெண்ட் தொட்டி, சம்ப்பு என்று தனித்தனியாக விலையோடு போட்டுவிட்டால் 'ரேட் என்ன' கேள்விக்கு ஒரே தட்டில் பதில். அடிக்கடி தட்டும் பதிலைக் குறுக்கு வழியாகச் சேமிக்கும் வசதி உண்டு. எல்லாவற்றையும்விட உருப்படியானது லேபிள். 'விலை கேட்டார்', 'தேதி கொடுத்தது', 'ஆறு மாதம்' என்று மூன்று போதும். ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை வரும் வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே தட்டில் அனுப்புவது) மட்டும் ஏமாற்றும்: உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். புதுத் தொழிலின் எண்ணை யார் சேமித்து வைத்திருக்கப் போகிறார்?

காசு கட்டிச் சேரும் பட்டியல் தளங்களைப் பற்றியும் கேட்பார்கள். ஒரே விசாரணை பல பேருக்குப் போகும் முறையில், வாடிக்கையாளர் ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் இருப்பது விலை மட்டுமே. விமர்சனம் இல்லாத புதியவர் அங்கே விலையைக் குறைத்துக் குறைத்தே ஒழிவார். இலவசப் பதிவு இருந்தால் போட்டு வையுங்கள். வருடச் சந்தாவைப் பற்றி இருபது விமர்சனம் சேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

குறைகள்

பெரிய குறை, கணக்கு திடீரென்று முடங்குவது. பெயரில் விளம்பரம் சேர்ப்பது, ஒரே தொழிலுக்கு இரண்டு பக்கம் திறப்பது, சரிபார்ப்பு முடிந்த கையோடு பெயர், முகவரி, வகை எல்லாவற்றையும் மாற்றுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். முறையீடு செய்ய வழி உண்டு. விண்ணப்பத்தை அனுப்பியபின் ஆதாரங்களைச் சேர்க்க 60 நிமிடம்தான் கொடுக்கிறார்கள். உத்யம், பில், மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டபிறகு பொத்தானை அழுத்துங்கள். அழுத்திவிட்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினால் நேரம் போய்விடும்.

அடுத்தது, பக்கம் வெளியே வந்த சில நாளில் தொடங்கும் போன்கள். "கூகுளில் இருந்து பேசுகிறோம், உங்கள் பக்கம் காலாவதி ஆகப்போகிறது", "முதல் இடத்தில் வைக்கிறோம்" என்று. இந்தப் பக்கத்துக்கு கூகுள் கட்டணம் வாங்குவதே இல்லை, காலாவதியும் இல்லை. ஓடிபி மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

எண்களும் கொஞ்சம் மயக்கும். பக்கத்தில் 'அழைப்புகள்' என்று காட்டுவது பொத்தானை எத்தனை முறை தொட்டார்கள் என்பதைத்தான். பேசினார்களா, வேலை வந்ததா என்பது அதில் தெரியாது. கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும் "எங்க பாத்தீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்: பிளம்பர், ஸ்டிக்கர், கூகுள், பக்கத்து வீடு. கமிஷனை யாருக்குக் கூட்டுவது என்று அந்த நோட்டு சொல்லும்.

முதல் ஒரு நட்சத்திரம்

எப்படியும் வரும். தொட்டி கழுவும் தொழிலில் அது எங்கிருந்து வரும் என்பதும் ஏறக்குறைய தெரிந்ததுதான். ஒன்று, கழுவிய மறுநாள் தண்ணீர் கலங்கலாக வருவது. சம்ப்பைக் கழுவாமல் மேல் தொட்டியை மட்டும் கழுவினால், மோட்டார் போட்டதும் சம்ப்பின் சேறு மேலே ஏறும். இரண்டும் உள்ள வீட்டில் சம்ப்பு முதலில், மேல் தொட்டி பிறகு. (சம்ப்பில் இறங்கும்போது மூடியை நன்றாகத் திறந்து வைத்துக் காற்றாட விடுவதும், மேலே ஒரு ஆள் நகராமல் நிற்பதும் கட்டாயம். ஒரே ஆளாகப் போய் இறங்கும் வேலை அல்ல அது. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், எக்காரணம் கொண்டும் கூடாது.) இன்னொன்று, தொட்டி காலியாகி நிரம்பும்போது குழாயில் காற்று அடைத்து, குறிப்பாக சோலார் ஹீட்டர் லைனில், தண்ணீர் வராமல் நிற்பது. கிளம்புவதற்கு முன் எல்லாக் குழாயையும் கீழ்த்தளத்தில் தொடங்கித் திறந்து, தெளிந்து சீராக வரும்வரை விட்டுப் பார்த்தால் இந்த இரண்டு புகாரும் பாதிக்குமேல் குறையும்.

அதையும் மீறி ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டு "கழுவினப்புறம் கலங்கலா வருது, வேஸ்ட்" என்று எழுதினால், முதலில் போன் செய்துவிட்டு நேரில் போங்கள். சரிசெய்த பிறகு பதில் எழுதுங்கள், எழுதுவது அவருக்கு மட்டுமல்ல, அடுத்துப் படிக்கப்போகிறவருக்கும்தான் என்ற நினைப்போடு. "ஐயா, மன்னிக்கவும். கழுவும்போது பைப்பில் இருந்த மண் கிளம்பியிருக்கிறது. குழாய்களைத் திறந்து விட்டுப் பார்க்காமல் நாங்கள் கிளம்பியது தவறு. இன்று காலை வந்து எல்லா லைனையும் ஓட்டிவிட்டோம். ஒரு வாரத்தில் மறுபடி வந்தால் இதே எண்ணுக்குச் சொல்லுங்கள், கட்டணம் இல்லை." வாடிக்கையாளரின் பெயர், வீட்டு விவரம் எதையும் அதில் எழுதக் கூடாது. எழுதியவர் தன் நட்சத்திரத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதைக் கேட்டு வற்புறுத்தாமல், ஒரு வாரம் கழித்து "தண்ணி தெளிஞ்சிருச்சாங்கய்யா?" என்று மட்டும் ஒரு போன் போடுங்கள்.